ரிட்டர்ன் பம்ப் போயே போச்சு: ஏசியா, டிசியா?

கரண்ட் போய்த் திரும்பி வந்தது. என் கடல்மீன் தொட்டியைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் நுரை தள்ளியது. அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பிலிருந்து மட்டும் 'ர்ர்ர்' என்று ஓர் உறுமல். மேல் தொட்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. சம்ப் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் மக்கர். வீட்டு மாறுதிசை மின்சாரத்தில் நேராக ஓடும், ஆறு வருடம் உழைத்த ஏசி பம்ப். கழற்றிப் பார்த்தால் தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு, பீங்கான் தண்டு இரண்டு துண்டு.

கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு விஷயம். வெறும் சுண்ணாம்பு என்றால் வினிகரில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாலே பம்ப் பிழைத்துக்கொள்ளும். தண்டோ இம்பெல்லரோ போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். இம்பெல்லரோடு சுழலும் காந்தம் உப்பி வெடித்துத் துரு தெரிகிறதா? யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

சரி, புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால்? ஏசியில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. விலையும் குறைவு. ஆனால் ஒரே வேகம். குறைக்க வால்வைத்தான் திருக வேண்டும். நேர்திசை மின்சாரத்தில் ஓடும் டிசியில், கூடவே வரும் கன்ட்ரோலர் பெட்டியிலேயே வேகத்தைக் குறைக்கலாம். தீனி போடும்போது சில நிமிடம் நிறுத்தி வைக்கும் பொத்தான்கூட உண்டு. அதெல்லாம் சொகுசு. என்னை அசைத்தது வாட் கணக்கு. 80 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 115 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். வேகம் குறைத்த டிசி 40 வாட்டில் ஓடினால் அதில் பாதி. அப்புறம் சூடு: மூழ்கியிருக்கும் பம்ப் இழுக்கும் மின்சாரம் கடைசியில் தண்ணீரில்தான் சூடாக இறங்குகிறது. சென்னை மே மாதத்தில் அந்தச் சூட்டை வெளியேற்ற, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேறு கரண்ட் தின்னும்.

டிசியின் நோஞ்சான் உறுப்பு அந்தக் கன்ட்ரோலர்தான். தொட்டி நிற்கும் ஸ்டாண்டுக்குள் சம்ப்புக்கு நேர் மேலே மாட்டினால் உப்பு ஈரம் ஏறிப் பின்கள் பச்சை பிடித்துவிடும். வெளியே சுவரில் மாட்டி, சொட்டுகிற தண்ணீர் உள்ளே போகாதபடி வயரைக் கீழே ஒரு வளைவு தொங்க விடுங்கள். கன்ட்ரோலர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள்.

இரண்டு கோமாளி மீன், சில்லர் இல்லாத சின்னத் தொட்டி என்றால் ஏசியே தாராளம். நான் டிசிக்கு மாறினேன். பழைய ஏசிக்குப் புதுத் தண்டும் இம்பெல்லரும் போட்டு, உப்பு கலக்கும் டிரம்மில் விட்டிருக்கிறேன். புதுசு மக்கர் செய்தால் அன்று ராத்திரியே சம்ப்புக்குள் இறக்கிவிடலாம்.