பிரிஜ்ஜுக்கு வெளியே எந்தப் பால் தாங்கும்?

வெள்ளவத்தைக் கடைகளில் பால் இரண்டு இடங்களில் இருக்கும். குளிர்பெட்டிக்குள் பாஸ்டரைஸ் செய்த பால் பக்கற். வெளியே தட்டில் யூஎச்டி, அதாவது மிக உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்திய பால் பெட்டி.

முதலாவதை 72 பாகை செல்சியஸில் 15 விநாடி சூடாக்கியிருப்பார்கள். நோய்க்கிருமிகள் செத்துவிடும், ஆனாலும் பாலைக் கெடுக்கும் கிருமிகள் கொஞ்சம் மிஞ்சும். 4 பாகைக்கு மேலே போனால் அவை வேகமாகப் பெருகும். அதனால் வெளியே 2 மணித்தியாலம்தான் கணக்கு. 32 பாகையைத் தாண்டினால் 1 மணித்தியாலம். கொழும்பில் சித்திரை வெயிலுக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நிற்கிற நேரமும் இதற்குள்தான்.

"காய்ச்சினால் சரிதானே" என்பார்கள். கிருமி சாகும், சரி. ஆனால் ஸ்டபிலோகொக்கஸ் போன்ற கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. மணமும் சுவையும் மாறாமலே அது பாலில் இருக்கலாம்.

யூஎச்டி பாலை 135 பாகைக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் அடைப்பார்கள். திறக்காதவரை வெளியே மாதக்கணக்கில் இருக்கும். பெட்டியிலுள்ள திகதியைப் பாருங்கள், ஊதியிருந்தால் வாங்காதீர்கள். திறந்தபின் அதுவும் சாதாரணப் பால்தான், அதே 2 மணித்தியாலம். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

தேநீருக்குப் பக்கற் பாலின் ருசியே எனக்குப் பிடிக்கும். யூஎச்டியில் லேசாகக் காய்ச்சிய வாடை வரும். ஆனால் மின்வெட்டுக் காலத்தில் சின்னப் பெட்டிகளாக யூஎச்டியே வாங்குவேன். ஒரு தடவைக்கு ஒன்று, மிச்சம் வராது.