பழைய காரில் ஏறிய ஐடிலிங்: திருகுவதா, கழுவுவதா, கசிவைத் தேடுவதா?

வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகையில், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வண்டி முன்னே தள்ளும்போதுதான் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம்) ஏறியிருப்பது பலருக்கு உறைக்கிறது. ஏறத்தாழ 800 முதல் 1000 ஆர்.பி.எம்.மில் (நிமிடச் சுற்றுகளில்) நிற்க வேண்டிய எஞ்சின் சூடேறிய பின்னும் 1500-இல் நின்றால், நம் பக்கத்துப் பட்டறைகள் பெரும்பாலும் மூன்று வழிகளைச் சொல்கின்றன. ஆக்சிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது மூன்றுக்கும் முந்தியது. அதற்குச் செலவும் இல்லை.

முதல் வழி, ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் குறைப்பது. கார்பரேட்டர் வண்டியில், சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் அடைப்பு) முழுவதும் விடுபட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு இதைச் செய்வதில் தவறில்லை. பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியிலோ, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டைத் தாங்கும் ஸ்க்ரூ தொழிற்சாலையிலேயே அளந்து வைக்கப்பட்டது. அதைத் தொட்டால் நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறையும், பிறகு ஏ.சி. போட்டதும் எஞ்சின் நின்றுவிடக்கூடும்.

இரண்டாவது, அந்தத் தகடு இருக்கும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவுவது. கைக்கு அடக்கமான செலவு என்பதால் இதற்கே செல்வாக்கு அதிகம். ஆனால் கரி படிந்தால் காற்றின் வழி குறுகும். அதனால் ஐடிலிங் தாழ்வதே வழக்கம். கரியால் ஐடிலிங் ஏற வேண்டுமானால், தகடோ, ஐடிலிங்கின்போது காற்றை அளந்து விடும் ஐ.ஏ.சி. வால்வின் முனையோ முழுதாக மூடாமல் சிக்கியிருக்க வேண்டும். எனவே கழுவுவது பலிக்கும் வண்டிகள் உண்டு என்றாலும், அதையே எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை.

மூன்றாவதான கசிவுத் தேடலே என் தேர்வு. ஐடிலிங் ஏறுவது பெரும்பாலும் வேண்டாத காற்று எங்கோ நுழைவதால்தான். மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில், கசிவால் நுழையும் காற்றுக்கு ஏற்ப ஈ.சி.எம். என்னும் எஞ்சின் கணினி பெட்ரோலையும் கூட்டிவிடுவதால், எஞ்சின் தடுமாறாமல் சீராகவே வேகமெடுத்து நம்மை ஏமாற்றும். த்ராட்டில் பாடியில் ஐ.ஏ.சி. வால்வுக்குச் செல்லும் துளையை, எஞ்சின் ஓடும்போதே ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். ஆர்.பி.எம். விழுந்தால் காற்று அவ்வழியே வருகிறது: வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது ஈ.சி.எம்.மே அதைத் திறந்து வைத்திருக்கலாம். விழாவிட்டால் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் வேக்கம் ஓஸ்களையும், மேனிஃபோல்டு கேஸ்கட்டையும், பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் ஓஸையும் பார்க்க வேண்டும். பூஸ்டர் ஓஸில் வெடிப்பிருந்தால் பிரேக் பெடலும் கெட்டிப்படும் என்பதால், மலை இறங்குபவர்கள் அதை முதலில் பார்ப்பது நலம். கார்ப் கிளீனரைத் தெளித்து ஆர்.பி.எம். மாறும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் அருகே அது தீப்பற்றும் பொருள். புகை செலுத்தும் கருவி எஞ்சினை நிறுத்தி வைத்தே கசிவைக் காட்டுவதால் பாதுகாப்பானது, ஆயினும் சிறு பட்டறைகளில் அதைக் காண்பது அரிது.

துளையை அடைத்ததும் ஆர்.பி.எம். விழுந்து, வால்வும் சுத்தமாக இருந்தால், ஈ.சி.எம். எஞ்சினைக் குளிர்ந்ததாகக் கருதி ஐடிலிங்கை வேண்டுமென்றே உயர்த்துகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார் கெட்டாலும் இப்படி ஆகும். வெயில் ஊர் என்று சொல்லி, எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குச் செல்லும் கூலன்டைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி எறிந்திருந்தாலும் ஆகும். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை ஓட்டியும் சூட்டு முள் நடுப்பக்கம் ஏறவில்லையென்றால், மேற்சொன்ன மூன்று வழிகளில் எதற்கும் பணம் கொடுக்காமல் புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டச் சொல்லுங்கள்.