26 வருடமாகக் குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறோம்

நாங்கள் சென்னை புரசைவாக்கத்துக்குக் குடிவந்தது 1999ல். அன்றிலிருந்து வீட்டில் சமைக்கவும் குடிக்கவும் சென்னைக் குடிநீர் வாரியம் குழாயில் விடும் மெட்ரோ தண்ணீர்தான். கேன் வாங்குவதில்லை, ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரமும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் "பயமா இல்லையா?" என்று கேட்கிறார்கள். ஒருமுறை பயந்தோம். அதையும் சொல்கிறேன்.

எங்களுக்கு வருவது கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துத் தண்ணீர். 1872ல் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த மண் கால்வாயில் தண்ணீர் தானாக ஓடி அங்கே வந்தது. வடிகட்டாமல் அப்படியே ஊருக்குள் விட்டார்கள். 1914ல்தான் மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி மணல் வடிகட்டிகள் வந்தன, திறந்த கால்வாய்க்குப் பதில் மூடிய கால்வாய் வந்தது. தி.நகர் மேட்லி சாலை அவர் பெயரில் உள்ளதுதான். ஒரு ஊரே நோயில்லாமல் தண்ணீர் குடிக்க வழி செய்த மனிதரை, தினமும் அந்தச் சாலையில் போகிற நமக்கே தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

2003, 2004 பஞ்சத்தை மறக்க முடியாது. குழாய் வறண்டு, லாரிக்காகக் குடங்களை வரிசை போட்டுக் காத்திருந்தோம். அப்புறம் வீராணம் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வந்தது. 2019ல் மறுபடியும் ஏரிகள் காய்ந்தபோது, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்து இறங்கியது. அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். அந்த மாதம் ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழே கொட்டவும் மனம் வரவில்லை.

சரி, பயந்த கதை. 2008 மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் அடிபம்பில் வந்த தண்ணீர் லேசாக மங்கியிருந்தது, சாக்கடை வாடையும் அடித்தது. அதற்குள் முந்தைய நாள் தண்ணீரைக் குடித்திருந்த என் மகளுக்கு வயிற்றுப்போக்கு. தோண்டிப் பார்த்தால், தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் எங்கள் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி. தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் எதுவும் உள்ளே வராது. நிறுத்திய பிறகு குழாய் காலியாகி, வெளியே தேங்கிய அழுக்கை உறிஞ்சிக்கொள்கிறது. நிலையத்தில் எவ்வளவு நன்றாகச் சுத்திகரித்தாலும், 24 மணி நேரமும் தண்ணீர் வராத ஊரில் இந்த ஆபத்து இருந்துகொண்டே இருக்கும். குழாயை மாற்றினோம், கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நன்றாகத் தள்ளிப் பதித்தோம். அதற்குப் பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

அப்போதிருந்து குளோரின் சோதனைக் குப்பி ஒன்று சமையலறையில் இருக்கிறது. தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் அன்று அந்தத் தண்ணீரைச் சம்ப்பில் (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில்) விடமாட்டோம். மருந்து வாடை தூக்கலாக இருக்கிறதே என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்த வாடைதான் எனக்கு நிம்மதி. பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் எங்கள் தண்ணீர் பெரும்பாலும் லிட்டருக்கு 350க்கும் 450க்கும் இடைப்பட்ட மில்லிகிராம் காட்டுகிறது. இந்தியத் தர அளவு 500. இதற்கு ஆர்.ஓ. தேவையில்லை, பாதித் தண்ணீருக்கு மேல் சாக்கடைக்குப் போய்விடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 1,400 காட்டும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லமாட்டேன், அவர் நிலைமை வேறு. ஆனால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் உப்பைச் சொல்லுமே தவிர கிருமியைச் சொல்லாது. சாக்கடை கலந்த அன்றும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டியிருக்கலாம்.

குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடிய எவர்சில்வர் தவலையில் வைக்கிறோம். சம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறோம். போன மாதம் கழுவியபோது மூடியின் ஓரத்தில் விரல் நுழையும் விரிசல் ஒன்று தெரிந்தது. அடுத்த மழைக்குள் அதைப் பூச வேண்டும், கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறேன்.