இழுவை பேக்ஹோ: பழையதை மீட்டு நீண்ட நாள் வேலை வாங்கிய அனுபவம்

8 முதல் 13 குதிரைத்திறன் வரை ஒரு பெட்ரோல் இன்ஜின், அதன் ஷாஃப்டோடு நேராகக் கோத்து எண்ணெயைப் பிரஷரோடு தள்ளும் கியர் பம்ப், அந்த எண்ணெயைத் திருப்பிவிடும் ஆறு லீவர் கண்ட்ரோல் வால்வு, அதனால் நீண்டு சுருங்கும் ஆறேழு சிலிண்டர், இரண்டு சக்கரம், ஒரு இழுவைக் கொக்கி. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சின்ன பேக்ஹோ, அதாவது பள்ளம் தோண்டும் இயந்திரம், என்றால் இவ்வளவுதான். பெரும்பாலான மாடல்களில் சக்கரத்துக்கு ஓட்டம் கிடையாது. பக்கெட்டை மண்ணில் ஊன்றித் தன்னையே இழுத்தும் தள்ளியும் நகரும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாததால் எத்தனை வயதானாலும் மீட்டுவிடலாம். ஆனால் காசு வீணாகும் இடமும் ஒன்று உண்டு. தோண்டும் கை தூக்கவில்லை என்றதும் பம்பைக் கழற்றிப் புதுசு போடுகிறார்கள். கெட்டிருப்பது பெரும்பாலும் பம்ப் இல்லை. ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் எந்தப் பாகமும் வாங்கக் கூடாது என்பதுதான் இந்த இயந்திரத்தோடு பழகியதில் உறுதியாகச் சொல்லக்கூடியது.

முதலில் இரும்பு

ஹைட்ராலிக் சாமான் எதையும் மாற்றிவிடலாம். முறுக்கிப்போன பூமை (கையின் அடிப்பகுதியை) நேராக்குவது லேசான வேலை இல்லை. அதனால் வயர் பிரஷ் போட்டு கிரீஸையும் மண்ணையும் சுத்தமாக எடுத்துவிட்டு நான்கு இடங்களைப் பாருங்கள்: ஸ்விங் போஸ்ட்டின் (கை பக்கவாட்டில் திரும்பும் தூண்) மேல் கீழ் காதுகள் (மூட்டுத் துளை உள்ள தகடுகள்), பூமின் அடியில் மூட்டுப் பின் (இரும்பு ஆணி) சுற்றிய பகுதி, டிப்பரில் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் உள்ள கை) சிலிண்டர் காது ஒட்டிய இடம், தரையில் ஊன்றும் ஸ்டெபிலைசர் கால் சட்டத்தோடு சேரும் இடம். பெயின்ட்டில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அடியில் விரிசல் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறிக் காட்டும் சாயம்) அடித்துப் பார்த்தால் முனை எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

விரிசலின் மேலேயே வெல்டிங் ஓட்டினால் அது திரும்ப விட்டுவிடும். முனையில் 6 மி.மீ. துளை போட்டு, விரிசல் நெடுக வி வடிவில் கிரைண்ட் செய்து, நன்றாகக் காய வைத்த 7018 வெல்டிங் ராடால் அடிவரை நிரப்ப வேண்டும். மேலே பட்டைத் தகடு வைப்பதானால் அதன் முனைகளைக் கூம்பாக வெட்டுங்கள். சதுரமாக வெட்டிய தகட்டின் முனையில் பூமுக்குக் குறுக்கே வெல்டிங் போட்டால் அடுத்த விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். எர்த் கிளாம்பை வெல்டிங் போடும் துண்டிலேயே, பக்கத்திலேயே மாட்ட வேண்டும். வேறெங்காவது மாட்டினால் கரன்ட் மூட்டுப் பின், புஷ் (பின்னைத் தாங்கும் வளையம்), சிலிண்டர் வழியாகப் போய், சிலிண்டரிலிருந்து நீளும் ராடின் குரோம் பூச்சில் பொறிவடு விழும். அந்த வடு பிறகு எண்ணெயைக் கசியவிடாத சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும்.

பின், புஷ் ஆட்டத்தைப் பார்க்கப் பக்கெட்டைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். எல்லா மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். உண்மையில் பார்க்க வேண்டியது ஸ்விங் போஸ்ட் பின். மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் 300 மி.மீ. இடைவெளி, கையை நீட்டினால் 3 மீட்டர் என்றால், அங்கே உள்ள 1 மி.மீ. ஆட்டம் பக்கெட் நுனியில் 10 மி.மீ. ஆகிவிடும். புஷ் போட்ட மூட்டு என்றால் பழைய புஷ்ஷை அழுத்தி எடுத்துவிட்டுப் புதுசு போடலாம். புஷ் இல்லாமல் தகட்டுத் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வெல்டிங்கால் நிரப்பி, இரண்டு பக்கத் துளையையும் ஒரே அச்சில் லைன் போரிங் செய்ய வேண்டும். தனித்தனியாகக் குடைந்தால் பின் ஏறாது, ஏறினாலும் ஒரே ஓரத்தில் தேயும். பின்னைச் சாதாரண இரும்புக் கம்பியில் கடையாதீர்கள். இ.என். 19 என்ற அலாய் ஸ்டீல் அல்லது அதற்கு ஈடானது வேண்டும். பின் தலையில் உள்ள பூட்டுப் பட்டையும் போல்ட்டும் சின்ன விஷயமாகத் தெரியும். அது இல்லாவிட்டால் பின் புஷ்ஷுக்குள் நிற்காமல் வெளிக் காதில் சுழன்று காதையே தின்றுவிடும்.

கேஜும் இன்ஜின் சத்தமும்

பம்புக்கும் கண்ட்ரோல் வால்வுக்கும் நடுவே ஒரு டீ (மூவழி இணைப்பு) போட்டு, 250 பார் வரை காட்டும் கிளிசரின் கேஜை நிரந்தரமாகவே மாட்டிவிடலாம். பக்கெட் சிலிண்டரைக் கடைசிவரை சுருக்கி, லீவரை அதே பக்கம் சில நொடிகள் மட்டும் பிடியுங்கள். கேஜ் ரிலீஃப் வால்வு (பிரஷர் எல்லை மீறினால் எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடுவது) திறக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 140 முதல் 170 பாருக்குள், ஏறி நின்று, இன்ஜின் முக்கி, வால்வு சீறினால் பம்ப் பிரஷர் கட்டுகிறது. இன்ஜின் சத்தம் கொஞ்சமும் மாறாமல் கேஜ் 40, 50 பாரிலேயே நின்றால் எண்ணெய் எங்கோ சும்மா வழிந்து போகிறது. அப்போதும் பம்புக்குப் போகாதீர்கள். ரிலீஃப் வால்வைக் கழற்றி, அதன் சீட்டில் ஒரு மணல் துகளோ டெஃப்லான் டேப் நூலோ சிக்கியிருக்கிறதா பாருங்கள். அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். கேஜ் கொஞ்சமும் ஏறவில்லை என்றால் இன்ஜினையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங்கைப் பாருங்கள். அதன் சாவி (ஷாஃப்டில் பூட்டும் கட்டை) அறுந்தோ, செட் ஸ்க்ரூ தளர்ந்தோ இன்ஜின் மட்டும் சுற்றும், பம்ப் சுற்றாது. இவை எல்லாம் சரியாக இருந்து, எண்ணெய் சூடாகச் சூடாகப் பிரஷர் குறைந்துகொண்டே போனால்தான் பம்ப் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லா லீவரும் பலவீனம் என்றால் கோளாறு பொதுவான பாதையில்: பம்ப், உறிஞ்சு குழாய், ரிலீஃப், இன்ஜின் வேகம். ஒரே ஒரு லீவர் மட்டும் பலவீனம் என்றால் அந்த சிலிண்டர், அந்த ஸ்பூல் (வால்வுக்குள் லீவரோடு நகரும் தண்டு), அந்த ஹோஸ். ஹோஸின் உள் ரப்பர் உரிந்து, ஒரு பக்கம் மட்டும் அடைக்கும் நாக்குபோல நிற்பதும் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு திசை வேகமாகவும் மறு திசை மெதுவாகவும் இருந்தால் அதைச் சந்தேகப்படலாம்.

ரிலீஃபை இறுக்கினால் பலம் கூடும் என்று எண்ணி இறுக்கிவிட்டவர்கள் கையிலிருந்து வரும் இயந்திரங்கள் நிறைய. இன்ஜின் திறனுக்கு மேல் எதுவும் கிடைக்காது. கிலோவாட்டை 600ஆல் பெருக்கி, பிரஷரால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 9 குதிரைத்திறன் என்பது 6.7 கிலோவாட். 85 சதவீதம் பயன்படுகிறது என்று வைத்தால் 150 பாரில் சுமார் 23 லிட்டர். இன்ஜின் 3000 சுற்றில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 7.6 சி.சி. பம்ப் அதற்குப் பொருத்தம். வேகம் வேண்டும் என்று 12 சி.சி. பம்ப் போட்டால் ரிலீஃப் வரும்போதெல்லாம் இன்ஜின் திணறி நின்றுபோகும்.

பம்ப் மாற்றத்தான் வேண்டும் என்றால் சுழலும் திசையைப் பார்த்து வாங்குங்கள். ஒருதிசை கியர் பம்பைத் தலைகீழாகச் சுற்றவிட்டால் பிரஷர் ஷாஃப்ட் சீல் பக்கம் போய், ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்திலேயே சீல் வெளியே தள்ளிவிடும். கப்ளிங்கின் இரண்டு பாதிக்கும் நடுவே 2 மி.மீ. அளவு இடைவெளி விட்டு, நேர்கோட்டை ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். நடுவில் உள்ள ரப்பர் நட்சத்திரம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் ரப்பரைக் குறை சொல்ல வேண்டாம், கோடு விலகியிருக்கிறது.

உறிஞ்சு பக்கம்

நீண்ட நாள் ஓட்டத்தில் பம்பைக் கொல்வது இதுதான். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் உள்ளே கம்பிச்சுருள் கொண்டதாக இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் ஹோஸ் சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பிப்போய்விடும். 23 லிட்டர் ஓட்டத்துக்கு 25 மி.மீ. உள்விட்டம் போட்டால் எண்ணெய் வேகம் நொடிக்கு 0.8 மீட்டருக்குக் கீழே நிற்கும். 19 மி.மீ. போட்டால் 1.3 மீட்டரைத் தாண்டிவிடும், அது அதிகம். பம்ப் அரைக்கிற மாதிரி உறுமினால், டேங்கில் நுரை வந்தால், காற்று இழுக்கிறது. இன்ஜின் ஓடும்போது உறிஞ்சு பக்க இணைப்புகள் ஒவ்வொன்றிலும் கிரீஸைத் தடவுங்கள். எங்கே தடவியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. கப்ளிங்கில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பின் ஷாஃப்ட் சீலும் காற்றை இழுக்கும், அதனால் வெளியே எண்ணெய் சொட்டாததை வைத்து சீல் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. திரும்பு குழாயின் முனை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். மேலே முடிந்தால் அருவிபோல விழுந்து நுரையாக்கும்.

எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டேங்கை மட்டும் வடித்தால் போதாது, நிறைய எண்ணெய் சிலிண்டர்களிலும் ஹோஸ்களிலும் நிற்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி வடிக்க வேண்டும். மிதமான, வெயில் சூழலுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 46 (எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் எண்), கடும் குளிருக்கு 32. டேங்குக்குள் 125 மைக்ரான் சல்லடை, திரும்பு பாதையில் 10 அல்லது 25 மைக்ரான் ஃபில்டர். பழைய சின்ன இயந்திரங்கள் பலவற்றில் திரும்பு ஃபில்டரே இருக்காது. அதைச் சேர்ப்பது, இந்த இயந்திரத்துக்குச் செய்யும் செலவிலேயே அதிகம் திருப்பித் தருகிற செலவு.

கை தானாக இறங்குகிறதா?

இன்ஜினை நிறுத்திய பிறகு பூம் மெல்ல இறங்கினால் பிஸ்டன் சீல் போயிருக்கலாம், ஸ்பூல் தேய்ந்திருக்கலாம். இரண்டு ஹோஸையும் கழற்றி சிலிண்டரை அடைத்துவிட்டு, இறங்குகிறதா என்று பார்ப்பது பலர் செய்யும் சோதனை. பாரம் ராடை உள்ளே தள்ளுகிற சிலிண்டரில் இது ஏமாற்றும். சீல் அடியோடு போயிருந்தாலும், உள்ளே நுழையும் ராடுக்கு இடம் இல்லாததால் சிலிண்டர் அசையாமல் நின்றுவிடும். நம்பகமான வழி வேறு. பூமைத் தரையில் இறக்கி, சிலிண்டரை ஒரு கடைசிக்குக் கொண்டுபோய், இன்ஜினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டிப் பிரஷரை விடுங்கள். பிரஷர் வராத பக்கத்து ஹோஸை மட்டும் கழற்றி, ஹோஸ் முனையை அடைத்து, சிலிண்டர் துளைக்குக் கீழே வாளி வையுங்கள். ஸ்டார்ட் செய்து லீவரை அதே திசையில் தள்ளுங்கள், எதிர்த் திசையில் தவறியும் தள்ள வேண்டாம். உள்ளே நின்ற கொஞ்சம் எண்ணெய் சொட்டி நின்றால் சீல் நல்லது. தொடர்ந்து ஓடினால் போயிற்று.

லீவரைத் தொட்டதும் கை ஒரு சாண் இறங்கிவிட்டுப் பிறகு தூக்கினால் அது சீல் கோளாறு இல்லை. வால்வுக்குள் எண்ணெயைப் பின்னோக்கிப் போகவிடாத லோட் செக்கில் அழுக்கு சிக்கியிருக்கிறது, அல்லது அதன் சீட் தேய்ந்திருக்கிறது. வால்வைப் பிரித்தால் ஸ்பூல்களை எண் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றும் அதனதன் துளைக்கே பொருந்தும்படி தேய்க்கப்பட்டது, மாற்றிப் போட்டால் கசியும் அல்லது இறுகும். துண்டு துண்டாக அடுக்கிய வால்வு என்றால் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் டை ராடைக் குறிப்பிட்ட டார்க்குக்கு மேல் இறுக்கினாலும் ஸ்பூல் இறுகிவிடும். வால்வைச் சேர்த்த பிறகு லீவர் தானாக நடுவுக்குத் திரும்பாததற்கு இதுவே வழக்கமான காரணம்.

சிலிண்டரைப் பிரிக்கும்போது ராடின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் புது சீல் நிற்காது. யு சீலின் உதடு பிரஷர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். விறைப்பான சீல்களைச் சுடு எண்ணெயில் சற்று நேரம் போட்டால் கிழியாமல் ஏறும்.

ஸ்விங் சிலிண்டர் ஹோஸ்களை மாற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய நிப்பிளை (ஹோஸைச் சேர்க்கும் இணைப்புத் துண்டு) தூக்கி எறியும் முன் அதன் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே 2 மி.மீ. அளவு சின்னத் துளைதான் இருக்கும். அடைப்பு என்று நினைத்து அதைக் குடைந்து பெரிதாக்குவதும், முழுத்துளை நிப்பிள் போடுவதும் நடக்கிறது. பிறகு கை பக்கவாட்டில் பாய்ந்து தடுப்பில் மோதும். ஸ்விங் போஸ்ட் விரிசல்களில் கணிசமானவை இப்படித்தான் பிறக்கின்றன.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் வேண்டாம். பி.எஸ்.பி., என்.பி.டி. என்ற இரண்டு குழாய் மரை வகையிலும் அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். ஆனால் மரைக்கோணம் 55, 60 டிகிரி என்று வேறு, எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து 150 பாரில் வரும் எண்ணெய் தோலுக்குள் நுழைந்துவிடும். வலி குறைவாக இருந்தாலும் அது உடனே அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம். அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள்.

ஓட்டத்தில் தெரிபவை

சரிவில் வேலை செய்யும்போது இன்ஜின் காரணமில்லாமல் நின்றுபோனால் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். எண்ணெய் குறைந்தால் நிறுத்தும் சென்சார், சாய்வில் எண்ணெய் ஒதுங்கியதும் பற்றவைப்பை வெட்டிவிடுகிறது. ஸ்டெபிலைசரால் சட்டத்தை மட்டமாக்கினால் சரியாகிவிடும்.

புது எண்ணெய் ஊற்றியதும் பம்புக்குள்ளும் எண்ணெய் நிரப்புங்கள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி எர்த் செய்து சில சுற்று சுற்றிவிட்டு, பிறகு மெதுவான ஓட்டத்தில் ஒவ்வொரு சிலிண்டரையும் முழுக்க நீட்டிச் சுருக்குங்கள். மட்டத்தை சிலிண்டர்கள் சுருங்கிய நிலையில் பார்க்க வேண்டும். நீட்டிய நிலையில் நிரப்பினால் சுருக்கும்போது மூடி வழியே வழியும். முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குள் ஃபில்டரை மாற்றிவிடுங்கள், பழைய குப்பையெல்லாம் அதில்தான் வந்து நிற்கும்.

இந்த இயந்திரத்தின் உண்மையான குறை சூடு. டேங்க் சிறியது, 30 லிட்டர் அளவுதான். தொடர்ந்து தோண்டினால் எண்ணெய் 80 டிகிரியை நெருங்கும், கை மந்தமாகும், சீல்கள் சீக்கிரம் விறைக்கும். லீவரைக் கடைசியில் பிடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம்தான் அதிகம் சூடேற்றுகிறது. திரும்பு பாதையில் சின்ன ஆயில் கூலர் வைத்தால் நல்ல பலன் இருக்கிறது. குழாய்ப் பள்ளம், சின்ன வேர்க்கட்டை, வடிகால் இதற்கெல்லாம் போதுமான இயந்திரம். பாறையும் பெரிய அடிமரமும் இதன் வேலை இல்லை. அங்கே பக்கெட் மண்ணைப் பெயர்ப்பதற்குப் பதில் சட்டத்தையே தூக்கும்.

கிரீஸ் தினமும் வேலை தொடங்கும் முன், ஸ்விங் போஸ்ட்டுக்கு மட்டும் வேலையின் நடுவிலும் ஒரு முறை. இழுத்துப் போகும் முன் ஸ்விங் பூட்டுப் பின்னும் பூம் பூட்டும் மாட்டி, சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் சாலையில் ஏற்றக் கூடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் பக்கெட்டைத் தரையில் இறக்கி, முடிந்தவரை ராடுகளை உள்ளே இழுத்து, வெளியே தெரியும் குரோமில் கிரீஸ் பூசி, பெட்ரோலை கார்புரேட்டர் வரை வடித்துவிடுங்கள்.