9 மாவுக்கு 120 கிட்டி

வரப்பில் நின்று பார்த்தால் பயிர் முழுதாகத்தான் தெரியும். உள்ளே இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் நடுவயல் வட்டமாக மொட்டையடித்துக் கிடப்பது கண்ணில் படும். குனிந்து ஒரு தூரைப் பிடித்தால், அரிவாள் போட்டது போலச் சாய்வாக வெட்டியிருக்கும். கதிர் இன்னும் வெளியே வரவில்லை. பொதிக்குள் பால் பிடிக்கும் முன்பே எலி அதைத் தின்றுவிட்டது. போன ஆண்டு குறுவையில் இப்படி நின்று அழுதேன். அதனால்தான் இந்த ஆண்டு செய்ததை எழுதுகிறேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு 9 மா நிலம், 3 ஏக்கர். அப்பா போன பிறகு 11 ஆண்டுகளாக நானே சாகுபடி பார்க்கிறேன். எலிக்கென்று நான் செலவு செய்யாத வழி கிடையாது. அத்தனையையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: மூங்கில் வில்லை வளைத்துச் செய்யும் எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டிக்கு ஈடு இல்லை. ஆனால் நல்ல கிட்டியாக இருக்க வேண்டும், வைக்கத் தெரிந்த ஆள் வைக்க வேண்டும்.

முதலில் மருந்து. துத்தநாக பாஸ்பைடை 49 பங்கு பொரியோடு 1 பங்கு என்று கலக்கச் சொல்வார்கள். மருந்து கலக்காத பொரியை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்காமல் நேரே மருந்தை வைத்தால், கொஞ்சம் தின்று உடம்பு சுணங்கிய எலி அப்புறம் அந்தப் பக்கமே வராது. அவசரத்தில் நான் அப்படித்தான் வைத்தேன். எலி போகவில்லை, எங்கள் மணி போய்விட்டது. 6 வயது நாய். வயிற்றுக்குள் போய் நச்சு வாயுவாக மாறும் மருந்து அது, அதற்கு முறிவு மருந்து கிடையாது என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது மணி என் மடியில்தான் கிடந்தது. அதோடு மருந்து வாங்குவதை விட்டேன். மின்கம்பி கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது குற்றம், அதில் சிக்கி மனிதர்கள் செத்திருக்கிறார்கள். பயிர் போனால் அடுத்த பட்டத்தில் எடுக்கலாம்.

பிறகு துப்பாக்கி. திருச்சியில் வேலை பார்க்கும் அக்காள் மகன் ஏர் ரைபிள் கொண்டுவந்தான். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு உட்பட்டது, உரிமம் தேவையில்லை. 0.45 கிராம், 0.55 கிராம் என்று இரண்டு வகை ஈயக்குண்டு வைத்திருந்தான். களத்துமேட்டில் நெல் மூட்டைக்கு வரும் எலியை 10, 15 மீட்டரில் அடிக்க இலேசான குண்டு நன்றாகவே இருந்தது. வேகமாகக் கிளம்புகிறது, கிட்டத்தில் குறி தாழ்வதில்லை. தூரம் கூடினால் எடையில்லாத குண்டின் வேகம் சீக்கிரம் செத்துவிடுகிறது, காற்றடிக்கும் பக்கம் ஒதுங்குகிறது. அங்கே கனமான குண்டுதான் மேல். ஆனால் நின்ற பயிருக்குள் எலியைப் பார்த்தால்தானே சுடுவதற்கு? தண்ணீர் கட்டிய வயலில் குண்டு பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் போகும் என்றும் சொல்ல முடியாது. அடுத்த வயலில் மோட்டார் போட ஆள் வரும் நேரம் அது. இரண்டு இரவு உட்கார்ந்தான், மூன்று எலி. போதும் என்று சொல்லிவிட்டேன்.

குண்டில் இருந்த கனமா, இலேசா என்ற கேள்வி கிட்டியிலும் உண்டு: வில் தடிப்பாக இருக்க வேண்டுமா, மெலிதாக இருக்க வேண்டுமா? தெரியாமல் முதலில் ஒரு கடையில் 30 கிட்டி வாங்கினேன். பார்க்கக் கெட்டியாக இருந்தன. கட்டை விரல் தடிமனுக்கு வில். வளைக்கவே என் கைக்கு வலு போதவில்லை. தடித்த வில் இழுக்கும் இழுப்பில், வளைத்த வில்லைப் பிடித்து நிறுத்தும் தாங்கு குச்சி இறுகிப்போய், எலி இரையை இழுத்தாலும் நழுவாமல் நின்றுவிடும். காலையில் போனால் இரை இருக்காது, கிட்டி அப்படியே நிற்கும். மூங்கிலும் பச்சை மூங்கில். பத்து நாளில் வில் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. ஒரு மாதத்தில் மஞ்சள் மாவாக உளுத்துக் கொட்டியது.

இந்த ஆண்டு பக்கத்து ஊர்க் கிட்டிக்காரரைத் தேடிப் போனேன். அறுபதைத் தாண்டியவர். அவர் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் மூங்கில் பட்டைகள் அடுக்கியிருந்தன, புகையில் கறுத்துப்போய். முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, புகையில் போட்டுவைத்தால் உளுக்காது என்றார். ஒரு கிட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். சுண்டு விரல் அகலம்கூட இல்லாத பட்டை. வயிற்றுப் பக்கம் சீவி, தோல் பக்கத்தைத் தொடாமல் விட்டிருந்தார். நடுவில் சற்றுத் தடிப்பு, இரு முனையும் மெலிவு. பருத்தி நூல் பனியில் ஊறி இற்றுவிடும் என்று நைலான் நரம்பு கட்டியிருந்தார். நாணைச் சுண்டிக் காதருகில் வைத்தார். "சத்தம் கேட்குதா அண்ணே?" என்றேன். "கிண்ணென்று கேட்க வேண்டும் அம்மா. மொத்தென்று கேட்டால் அந்த வில்லை அடுப்பில் வைத்துவிடலாம்" என்றார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். ஈர்க்கு ஒன்றால் இரையைத் தொட்டதும் தாங்கு குச்சி நழுவியது, வில் நிமிர்ந்தது, ஈர்க்கு இரண்டாக ஒடிந்து விழுந்தது. கண் இமைக்கும் நேரம்தான். மருந்து தின்ற எலி போலத் துடித்துக் கிடக்காது. கழுத்தில் விழுந்த நொடியில் முடிந்துவிடும். எனக்கு அது பெரிய ஆறுதல்.

நட்ட 20ஆம் நாள் வேலையைத் தொடங்கினோம். பொதி கட்டிய பிறகு வைத்தால் பயன் குறைவு. அப்போது பயிரைவிட ருசியான இரை எலிக்கு எதுவும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் கண்ணில் பட்ட வளைகளை எல்லாம் சேற்றால் அடைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் எவை திறந்திருந்தனவோ அவற்றில்தான் எலி குடியிருக்கிறது. அந்த வளைகளைச் சுற்றியும் எலித்தடம் தெரிந்த வரப்போரத்திலும் 120 கிட்டி வைத்தார், ஏக்கருக்கு 40. கை வாசனை படக்கூடாது என்று வயல் சேற்றை விரலில் பூசிக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் தொட்டார். இரை, ஊறவைத்த அரிசி.

முதல் இரவு 31, அடுத்து 17, பிறகு 6, நாலாம் இரவு 2. மொத்தம் 56 எலி, ஒன்றுக்கு 40 ரூபாய், 2,240 ரூபாய் கொடுத்தேன். மூன்று வாரச் சினையில் ஏழெட்டுக் குட்டி போடும் பிராணி அது. ஆடியில் பிடிக்காமல் விட்ட ஒரு தாயெலி ஆவணியில் எத்தனையாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பணம் பணமே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். விடியும் முன் எடுக்காவிட்டால் மைனா வந்து மாட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் மழையால் தாமதமாகிவிட்டது, ஒரு மைனா செத்துக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் நானே 4 மணிக்கு டார்ச்சோடு கூடப் போனேன். மழை கொட்டி வரப்பு மூழ்கினால் கிட்டி வைக்கவே முடியாது. செத்த எலியை வெறுங்கையால் தொடக்கூடாது, எலிக்காய்ச்சல் வரும். இரண்டு பேருக்கும் ரப்பர் கையுறை வாங்கினேன். நம் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி பத்து நாளில் குடிவந்துவிடும். மேல் வயல்காரரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். வரும் பட்டத்தில் சேர்ந்து செய்யலாம் என்றிருக்கிறார்.

கிட்டி எடுத்த பிறகு கூகை உட்காரத் தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டேன், மூன்று ஏக்கருக்கும் 50. கதிர் முற்றும்போது பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் பகலில் குருவிகள் அதில் உட்கார்ந்து நெல்லைத் தின்னும். நடுவயலில் நின்ற மட்டையின் கீழே ஒரு நாள் காலையில் எலி முடியும் எலும்பும் உருண்டையாகக் கிடந்தன. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

கிட்டிக்காரரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்தக் கை இவரோடு போய்விடக்கூடாது என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது. அடுத்து வரும் தாளடிப் பட்டத்துக்கும் அவரையே வரச் சொல்லியிருக்கிறேன். 60 புது வில் எனக்காகப் பரணில் போட்டிருக்கிறார், முன்பணம் கொடுத்துவிட்டேன். சீவக் கற்றுக்கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு.