ராண்டி பாஷின் 'தி லாஸ்ட் லெக்சர்': முதலில் உரை, அப்புறம் புத்தகம்

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் உரையைப் பாருங்கள், ஒன்றேகால் மணி நேரம்தான். பார்த்து முடித்ததும் புத்தகத்தைத் தேடாமல் இருக்க முடியாது, நான் அப்படித்தான் வாங்கினேன்.

ராண்டி பாஷ் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். 2006-ல் கணையத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் பார்த்தும் 2007 ஆகஸ்டில் ஈரலுக்குப் பரவிவிட்டது, மூன்றிலிருந்து ஆறு மாதம்தான் தெம்பாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் 18-ம் தேதி மேடையேறியவர் நோயைச் சீக்கிரம் ஓரங்கட்டிவிட்டு, சின்ன வயதில் என்னவெல்லாம் ஆசைப்பட்டேன், அதெல்லாம் என்ன ஆயிற்று என்று பேச ஆரம்பிக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எடையில்லாமல் மிதக்கும் கதை. அவருடைய மாணவர்கள் போட்டியில் ஜெயித்து நாசா விமானத்தில் பறக்கப் போகிறார்கள், ஆசிரியருக்கு இடமில்லை. மனுஷன் விதிமுறைகளைப் புரட்டுகிறார், மாணவர்களின் ஊர்ப் பத்திரிகையாளர் ஒருவர் கூடப் போகலாம் என்று அதில் இருக்கிறது, உடனே ஆசிரியர் பொறுப்பை விட்டுவிட்டு நிருபராக விண்ணப்பித்து ஏறிவிடுகிறார்! தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஆசை மட்டும் கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் கைகூடிய கனவுகளைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான் என்கிறார், கண்டிப்பான பயிற்சியாளரைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டால் ஏன் என்று தெரியும்.

உரையில் இல்லாதது புத்தகத்தில் இருக்கிறது. மனைவி ஜெய்க்கு இந்த உரையில் முதலில் இஷ்டமே இல்லை. மூன்று சின்னக் குழந்தைகள், மிச்சமிருக்கும் கொஞ்ச நாளையும் மேடைக்குக் கொடுப்பதா என்று கேட்கிறார், போதாக்குறைக்கு அவர் பிறந்தநாளன்றே இவர் கிளம்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சண்டையை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் நான் இந்தப் புத்தகத்தை நம்புகிறேன். குழந்தைகளோடு இருக்கும் நேரம் குறையக்கூடாது என்று, தினசரி சைக்கிள் ஓட்டும்போது போனில் சொல்லச் சொல்ல, பத்திரிகையாளர் ஜெஃப்ரி ஸாஸ்லோ எழுதியிருக்கிறார். 2008 ஏப்ரலில் வெளிவந்தது, ஜூலையில் பாஷ் இறந்துவிட்டார், வயது 47.

பின்பாதியில் ஒன்றிரண்டு பக்க அறிவுரைகளாக வரும் அத்தியாயங்கள் மட்டும் சுமார், அவசரமாகச் சேர்த்த மாதிரி இருக்கிறது. ஆங்கிலம் எளிமைதான், பயப்பட வேண்டாம்.

நோயோடு இருப்பவர் கேட்காமல் அவர் கையில் இதைத் திணிக்காதீர்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்கள் முதலில் படியுங்கள், ஜெய் பற்றிய பக்கங்களையாவது.