சம்பாவோடு மூன்று வருடங்கள்

எங்கள் வீட்டில் சம்பா என்றால் அரிசி. "சம்பா மறுபடியும் மக்கர் செய்கிறது" என்று முதல்முறை நான் புலம்பியபோது, அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நேற்றுத்தானே மூட்டை பிரித்தோம்?" என்றார்.

ஹட்டனில் உள்ள வீட்டில் எல்லாக் கணினியிலும் லினக்ஸ்தான். பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி, சம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் பொதுக் கோப்புறை ஒன்றைத் திறந்துவைத்தேன். தங்கை ஆசிரியை, அவளுடைய சாதாரண தரப் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் நாளே, "அண்ணா, பெயர் தெரிகிறது, உள்ளேதான் விடமாட்டேன் என்கிறது" என்றாள். கடவுச்சொல்லைச் சந்தேகித்தேன். சம்பா தனக்கென்று தனிக் கடவுச்சொல் வைத்துக்கொள்கிறது. கணினியில் மாற்றினால் அங்கே தானாக மாறாது. அதைப் புதிதாகக் கொடுத்தும் பலனில்லை. பிறகு எல்லாரும் செய்யும் பாவத்தைச் செய்தேன்: கோப்புறைக்கு 777, அதாவது எல்லாருக்கும் எல்லா உரிமையும். அப்போதும் 'அனுமதி மறுக்கப்பட்டது'.

இரண்டு இரவு போனபின்தான் 'நேம்ஐ' கட்டளையை ஓட்டினேன். கோப்புறைக்குப் போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு படியின் அனுமதியையும் அது வரிசையாகக் காட்டும். டிஸ்க்கைச் செருகியதும் டெஸ்க்டாப் அதை 'மீடியா'வுக்குள் என் பெயரிலான கோப்புறையில் ஏற்றியிருந்தது. அந்தக் கோப்புறைக்குள் நுழைய என்னைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை. வீட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன்!

மின்சாரம் போய் வரும்போதும் இதே ஏற்பாடுதான் காலை வாரியது. மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல காலம். மின்சாரம் வந்து அது எழுந்தாலும், நான் உள்நுழையும்வரை டிஸ்க் ஏறாது. தங்கைக்குக் கோப்புறை வெறுமையாகத் தெரியும். பதறிப்போவாள். டிஸ்க்கை 'எஸ்ஆர்வி' கோப்புறையின் கீழ் நிலையாக ஏற்றும்படி, கணினி எழும்போது எதை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் எழுதினேன். கூடவே 'நோஃபெயில்' என்ற சொல்லும். அது இல்லாவிட்டால், டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் கணினி பாதி வழியில் அவசர நிலையில் நின்றுவிடும்.

அடுத்த தலைவலி, தங்கை சேமித்த வினாத்தாளை என்னால் திருத்த முடியாதது. சம்பாவின் இயல்புநிலை, புதிய கோப்பில் குழுவுக்குப் படிக்கும் உரிமை மட்டும் தருகிறது. இருவரையும் ஒரே குழுவில் போட்டு, கோப்புறைக்கு 2770 (எனக்கும் குழுவுக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவுமில்லை) கொடுத்து, புதிய கோப்புகளின் உரிமையை வரையறுக்கும் 'கிரியேட் மாஸ்க்'கை, குழுவும் எழுதலாம் என்று 0660 ஆக்கினேன். 2770இன் முன்னால் 2 இருப்பதால் உள்ளே பிறக்கும் கோப்பெல்லாம் கோப்புறையின் குழுவையே எடுத்துக்கொள்ளும். பழைய கோப்புகள் மாறவில்லை. அவற்றை ஒருமுறை கையால் மாற்றவேண்டியிருந்தது. குழுவில் சேர்த்த பின் வெளியேறி மறுபடி உள்நுழைய மறந்து, அரை மணிநேரம் திட்டிக்கொண்டிருந்தது தனிக்கதை.

இன்று இதைப் பற்றி வீட்டில் பேச்சே எழுவதில்லை, அப்பாவின் பழைய மீடியா பெட்டியைத் தவிர. அதற்கு, சம்பா பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2019இல் வந்த சம்பா 4.11 முதல் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வரி சேர்த்தால் திறந்துவிடலாம். பாதுகாப்பில்லாத அந்தப் பழைய நெறிமுறையை ஒரு பெட்டிக்காகத் திறக்க எனக்கு மனமில்லை. அப்பா பென் டிரைவில் படம் ஏற்றிப் பார்க்கிறார், ஏற்றித் தருவது நான்தான்.